இருநூற்று நாலு வோல்ட்

முதலில் கையை எடு.
பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிசமாச்சு, எண்டாலும்
அந்த நீலக் கப்பாசிற்றர் இரண்டும்
நானூற்று அறுபது வோல்ட்டை இன்னும் வயிற்றுக்குள் வைத்திருக்கும்.
ஒருமுறை என்னைத் தூக்கிச் சுவரில் அடித்தது.
அன்றிலிருந்து இப்பிடி வேலைக்கு
என் இடது கை காற்சட்டைப் பொக்கற்றில்.

டச்பாரிலிருந்து ஓட்டோவில்,
படுக்கை விரிப்பால் போர்த்தி,
பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரிக் கொண்டுவந்தாள்
மெல்வினா அந்திராதோ.
"சத்தம் வருது. குரல் வருதில்ல கா."
சனிக்கிழமை அவளுடைய மச்சாளுக்குக் கலியாணம்.
வியாழன் பகல் பன்னிரண்டு மணி.
கச்சான் காற்று தாண்டவன்வெளி மணலையெல்லாம்
என் மேசையில் கொட்டிக்கொண்டிருந்தது.

கூடப் பிறந்த வால்வுகளை முதலில் கேட்டோம்.
ஈஎல் முப்பத்திநாலு. பெருவிரலால் தொட்டால்
எழுத்து அழிந்து போகும் கிழடுகள்.
கிற்றாரின் முதல் தந்தி
ஓட்டில் விழுந்த கண்ணாடியாய் நொறுங்கிற்று.

மறுகா ரஷ்யன்கள்:
பச்சை மட்டைப் பெட்டியில் எனக்குப் புரியாத எழுத்து.
ஆறு எல் ஆறுக்கு ஒன்றுவிட்ட சகோதரம்.
சும்மா செருகினால் சரிவராது.
கிரிட்டுக்கு மைனஸ் முப்பத்தாறு பத்தாது,
ஐம்பதுக்குக் கிட்டக் கேட்கும்,
குடுக்காவிட்டால் தகடு சிவந்து
ஒரு பாட்டு முடியுமுன் செத்துப்போகும்.
ரெசிஸ்ரர் மாற்றி, மீற்றர் பிடித்து, திரும்ப மாற்றி
மூடியபோது ஆறரை.

அவள் ஒரே ஒரு கோர்ட் அடித்தாள்.
அது உடனே வரவில்லை.
ஈர மணலிலிருந்து காலை எடுக்கிற மாதிரி
மெல்ல எழும்பி, உருண்டு, நின்று,
போக மனமில்லாமல் போனது.
"இதுதான்" என்றாள்.
நானும் இதுதான் என்றேன்.
ரஷ்யக் கண்ணாடி, ரஷ்யத் தகடு, பட்டாளத்துத் தரம் என்று
கால் மணித்தியாலம் விளக்கம் வேறு.

வெள்ளி காலை பத்து மணி.
அதே வால்வு, அதே கோர்ட்.
திரும்பவும் ஓடு, திரும்பவும் கண்ணாடி.
மெல்வினா என்னைப் பார்த்தாள்.
நான் சோல்டரைப் பார்த்தேன்.
குண்டுப் போத்தல் மாதிரிச் சீனத்துச் சோடி ஒன்றையும் போட்டேன்.
இன்னும் மோசம்.

அப்போது வேலிக்கு மேலால் சுகந்தினி,
இரவு டியூட்டி முடித்த நேர்ஸ், தலைமயிர் அவிழ்ந்தபடி:
"நித்திரை கொள்ளேலாமக் கிடக்கு.
வாசிக்கிறதெண்டா நேற்று ஆறரைக்கு வாசிச்சதை வாசியுங்க.
அது பரவாயில்ல."

ஆறரை.
ஊர் முழுக்கத் தண்ணி மோட்டர், ரைஸ் குக்கர்,
பள்ளிச் சட்டைக்கு அயன்பொக்ஸ்.
மீற்றரைச் சுவர் ஓட்டைக்குள் குத்தினேன்:
இருநூற்று முப்பத்தாறு.
பொழுதுபட்டு மறுபடி குத்தினேன்:
இருநூற்று நாலு.
கிழட்டுச் சோடியை எடுத்துச் செருகினேன்,
பழைய ரெசிஸ்ரரோடு.
அதே ஈர மணல். அதே கால்.

நான் சொன்ன விளக்கம் முழுவதையும்
மெல்வினா எனக்கே திருப்பிச் சொன்னாள்,
பட்டாளத்துத் தரம் உட்பட.
சிரித்து முடித்துவிட்டு
"ஆட்டம் துவங்க ஒன்பதரையாகும்.
ஊர் படுத்தா கரண்ட் ஏறிடுமே?" என்றாள்.

அதனால்தான் சனி இரவு
மேடைத் திரைக்குப் பின்னால் நான்,
ஒரு கையில் பற்றிஸ்,
மற்றக் கை, பொக்கற்றை விட்டு வெளியே,
வேரியாக்கின் குமிழில்.
முள் இருநூற்று நாலைத் தாண்டும்போதெல்லாம்
கொஞ்சம் இறக்குவேன்.
ஹீற்றருக்கு அரைப் பட்டினி; ஓரிரவு தாங்கும்.
முன்னால் சப்பாத்துகள் பலகையை உதைக்கின்றன.
வயலின்காரர் சுருதி விலகுகிறார்,
மாப்பிள்ளையின் சித்தப்பா கதிரையோடு விழுகிறார்,
நான் மட்டும்
ஊர் சோறு காய்ச்சுகிற அந்த அரை மணி நேரத்தை
நடுச்சாமம் வரைக்கும்
இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

எந்தச் சோடி உள்ளே இருந்தது என்று
திங்கட்கிழமை கேட்டாள்.
திறந்து பார்த்துத்தான் சொன்னேன்.